ஒன்பது இடத்தில் ஒலி நீக்கம்

கயல்விழி அக்காவுக்குப் பக்கத்து மேசையில் நான் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் மகளிர் ஆலோசனை மையம். அடிபட்டு வருகிற பெண்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், கல்யாணமான மூன்றாம் மாதமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் என்று நாளுக்குப் பத்துப் பேராவது படியேறி வருவார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிற பொறுமை அக்காவுக்கு இருந்தது. அந்தப் பொறுமைதான் அவரைத் தணிக்கைக் குழு வரைக்கும் கொண்டுபோனது என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது ஆனைமலையில். அப்பா நஞ்சப்பன் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். அம்மா பொன்னாத்தாள் தேங்காய் உரிக்கும் களத்தில் மட்டை அள்ளினார். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் அக்காதான். கணவர் எழில், உக்கடத்தில் வண்டிகளுக்கு பேட்டரி மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். சிங்காநல்லூரில் வீடு. மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள்.

ஒரு பெண்கள் அமைப்பு டெல்லிக்கு அனுப்பிய பெயர்ப் பட்டியலில் அக்கா பெயரும் இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து, எல்லோரும் மறந்துபோன பிறகு கடிதம் வந்தது. படங்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆலோசனைக் குழுவில் அவர் உறுப்பினர். மையத்தில் அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு. சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். "எந்த ஹீரோவப் பாத்தே?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. மூன்று வருடத்தில் அக்கா ஒரு நடிகரைக்கூட நேரில் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு சின்ன தியேட்டரின் திரையையும், பக்கத்து நாற்காலிகளில் கொட்டாவி விடுகிறவர்களையும்தான்.

இரண்டு நாளைக்கு முன்னால் போனில் தகவல் வரும். என்ன படம் என்று சொல்ல மாட்டார்கள். நாள், இடம், நேரம் மட்டும். காலைக் காட்சி என்றால் முந்தின நாளே சென்னைக்குப் போய், எழும்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்க வேண்டும். ரயில் கட்டணத்தையும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்கிற படியையும் அரசு தரும். ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போக, மிச்சம் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஒன்றும் இருக்காது. அக்கா அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நாட்டுக்குச் செய்கிற வேலை என்று முதல் ஆறு மாதம் நம்பினார்.

இருட்டில் எழுதப் பழகுவதுதான் முதலில் சிரமமாக இருந்ததாம். எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி, வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. பிறகு இடது கட்டைவிரலை வரி மாற வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு எழுதக் கற்றுக்கொண்டார். கத்திக்குத்து, கழுத்தறுப்பு, பெண்ணைக் கன்னத்தில் அறைவது, சிகரெட், கெட்ட வார்த்தை. ஏ.சி. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. சில நாள் இரண்டு படம். இரண்டாவது படத்தில் யார் யாரைக் குத்துகிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

மூன்றாம் வருடம் அவர் முகத்தில் ஓர் அயர்ச்சி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. வீட்டில் டிவி போட்டால் அடுக்களைக்குப் போய்விடுவார் என்று எழில் அண்ணன் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை மையத்துக்கு வந்த பெண் ஒருத்தி, புருஷன் கிழித்த முழங்கையைக் காட்டினாள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன்.

"என்னக்கா?"

"அந்தப் புள்ள கையப் பாத்ததும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ரத்தம் தெரியற நேரத்தப் பாதியாக் கொறைக்கவும்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் அந்த இரண்டு படங்கள் வந்தன. முதல் படம் பெரியது. இரண்டே முக்கால் மணி நேரம், அதில் பாதி துப்பாக்கி. குழுவில் நான்கு உறுப்பினர்கள், ஓர் அதிகாரி. வழக்கமாக வருகிற சீனிவாசலுவும் அன்று இருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நல்ல மனிதர். யாருக்காவது தலைவலி என்றால் பையிலிருந்து மாத்திரை எடுத்துத் தருகிறவர். முதல் படத்துக்கான வெட்டுகளைப் பேசி முடிப்பதற்கே மதியம் பன்னிரண்டு ஆகிவிட்டது. உடனே இரண்டாவதைப் போட்டார்கள்.

இரண்டாவது படம் வால்பாறையில் எடுத்தது. 'பதினாலாம் நம்பர் லைன்' என்று பெயர். முப்பத்தைந்து வருடம் தேயிலை பறித்த ஒரு அம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள். ஓய்வு பெற்றால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போக வேறு இடமில்லை. மழைக்காலம் முழுக்க அவள் நாளைக் கடத்திக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான் கதை. நடித்தவள் உண்மையிலேயே தேயிலை பறிக்கிற பெண். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் அடிக்கடி ஒன்று சொல்வாள்: "கூதலடிக்குது சாமி." நாற்பது நிமிடம் அக்கா ஒன்றுமே குறிக்கவில்லை. குறிக்க ஒன்றுமில்லை. படத்தைப் படமாகப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போது நினைத்தாராம்.

விளக்குப் போட்டதும் சீனிவாசலு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா அடிக்கடி சொல்றாங்களே, அது என்ன வார்த்தை? எனக்குக் கெட்ட வார்த்தை மாதிரிக் காதுல விழுந்தது. நான் ஒன்பது இடம் குறிச்சிருக்கேன்."

"அது கெட்ட வார்த்தை இல்லீங்க சார்," என்றார் அக்கா. "கூதல்னா குளிருங்க. எங்க பக்கம் சின்னக் கொழந்தைககூடச் சொல்லும்."

"நீங்க சொன்னா எனக்குப் புரியுதும்மா. தியேட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு யார் சொல்றது? பாதி வார்த்தையக் கேட்டுட்டு விசிலடிப்பான். பக்கத்துல குடும்பம் உக்காந்திருக்கும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ஒன்பது இடத்திலும் ஒலியை நீக்கிவிட்டால் எல்லோரும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்றார் அதிகாரி. படம் எடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெயர் தமிழ்வேந்தன். வால்பாறையில் ஜீப் ஓட்டுகிறவர், எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவர். சலவைச் சட்டை, கையில் நான்கு பைல். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டார்.

"ஐயா, அது குளிருங்க. மலையில மழைக்காலத்துல வேற என்னங்க சொல்லுவாங்க?"

"அவரு சொல்றது சரிதானுங்க," என்றார் அக்கா.

தமிழ்வேந்தன் நன்றியோடு அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழ்வேந்தனை வெளியே இருக்கச் சொன்னார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். உடன்பாடு இல்லையென்றால் அக்கா தனியாக எழுதிக் கொடுக்கலாம், காரணங்களை விரிவாக எழுத வேண்டும், தடையில்லை. அக்கா மணி பார்த்தார். இரண்டாகப் போகிறது. ரயிலைப் பிடிக்க உடனே கிளம்ப வேண்டும். காலையிலிருந்து இடுப்பு வலி. ஒன்பது இடத்தில் ஒரு நொடி சத்தம் இருக்காது, அதனால் கதை கெட்டுப்போகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

கோவை ரயிலில் ஏறி உட்கார்ந்து, அரக்கோணம் தாண்டியிருக்கும். இருக்கைகளுக்கு நடுவே ஒரு ஆள் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க உள்ளார பேசினப்பவே நம்மூருன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

அதே சலவைச் சட்டை. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படத்தைக் கொண்டுவந்தவர்களோடு உறுப்பினர்கள் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

"படத்தப் பத்தி நான் ஒண்ணும் பேசப்படாதுங்க தம்பி."

"பேச வேண்டாமுங்க. எனக்குச் சீட்டு அந்தக் கடைசியில. இங்க காலியா இருக்குது, சித்த நேரம் உக்காந்துக்கறேன்."

காட்பாடி வரைக்கும் அவர் சொன்னபடியே பேசாமல் இருந்தார். பைல்களை மடியில் வைத்து, மேலே இருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"அந்த ஒம்பது எடம் சரி பண்றதுக்கு ரொம்ப வேலைங்களா?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. சத்தத்த எடுக்கறது அரை மணி நேரம். கோயமுத்தூர்ல நம்ம ஸ்டுடியோவுலயே பண்ணிருவாங்க, மூவாயிரம் ரூவா. ஆனா தியேட்டருக்குக் குடுக்கற காப்பிய மறுக்கா முழுசாப் போடோணுமுங்க. அது பதினெட்டாயிரம். அப்புறம் அதைக் கொண்டுவந்து காட்டோணும், எடுத்தது சரின்னு பாத்துக் குடுப்பாங்க. நான் மறுபடி ஒருக்கா மெட்ராசு வரோணும், ஜீப்ப ரெண்டு நாளு நிறுத்தோணும்."

குறை சொல்கிற குரலே இல்லை. கடைக்குப் போய் வந்தவர் விலை சொல்வதைப்போலச் சொன்னார்.

"இன்னிக்கு அந்த தியேட்டரு..." என்று அக்கா இழுத்தார். "அது கவர்மெண்டு தியேட்டருதானுங்களே?"

"இல்லீங்க மேடம். தனியாரு. வாடகை நாங்கதானுங்க."

"நாங்கன்னா?"

"படம் எடுத்தவங்கதானுங்க. உங்களுக்கெல்லாம் படத்தக் காட்டறது எங்க செலவு. சான்றிதழுக்குக் கட்டணம் தனி. அது நிமிசக் கணக்கு. நான் அதுக்குன்னே பன்னெண்டு நிமிசம் கொறைச்சுப்போட்டேன். ஒரு சீன்ல கோழி ஒண்ணு குறுக்க ஓடுச்சுங்க. கோழி வந்தா, மிருகங்களுக்குன்னு இருக்கற வேற போர்டுல தடையில்லாச் சான்று வாங்கோணும், அதுக்கும் பணம் கட்டோணுமுன்னாங்க. அந்தச் சீனையே தூக்கிட்டோம்."

மூன்று வருடமாக அக்கா அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. யாரோ விளக்கை அணைக்கிறார்கள், யாரோ படத்தை ஓட்டுகிறார்கள், அரசு நடத்துகிறது என்று நினைத்திருந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து ரசீது அடுக்குகிறார். படத்துக்கு எஸ்டேட்டில் நாற்பது பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட பணம் என்றும், நடித்த அம்மாள் சம்பளம் வேண்டாமென்று ஒரு கம்பளி மட்டும் வாங்கிக்கொண்டாள் என்றும் அவர் சொன்னார்.

"மேல அப்பீலு போனா அந்த வார்த்தைய விட்டுருவாங்களா மேடம்?"

"விட்டாலும் விடலாம். பெரிய கமிட்டி உக்காந்து பாப்பாங்க."

"அதுக்கும் தியேட்டரு வாடகை நாங்கதானுங்களே?"

"ஆமாங்க கண்ணு. அப்படித்தான் இருக்கும்."

தமிழ்வேந்தன் ரசீதுகளைப் பைலுக்குள் வைத்து மூடினார்.

"அப்ப வேண்டாமுங்க. பொள்ளாச்சியில ஒரு தியேட்டருக்காரரு ஒரு வாரம் தாரேன்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள காப்பி வரோணும். பொங்கப் படம் வந்துருச்சுன்னா எங்களுக்கு ஏது எடம்?" என்று சொல்லிவிட்டு எழுந்தார். "நீங்க எங்களுக்காகப் பேசினீங்க. அது போதுமுங்க."

தான் கையெழுத்துப் போட்டதை அக்கா அவரிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் வாய் வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அந்த நாளுக்கான படித்தொகை கொஞ்ச நாள் கழித்து வங்கியில் ஏறியது. இரண்டு படம், ரயில் கட்டணம், தங்கிய செலவு. அக்கா அதைத் தமிழ்வேந்தனுக்கு அனுப்பிவிடலாமா என்று எழில் அண்ணனிடம் கேட்டிருக்கிறார்.

"பைத்தியமா உனக்கு?" என்றாராம் அண்ணன். "சென்சாரு மெம்பரு படக்காரனுக்குப் பணம் அனுப்பிச்சான்னு எங்காச்சும் கேள்விப்பட்டிருக்கியா? லஞ்சத்தத் தலைகீழா வெச்ச மாதிரி இருக்கும். அந்தப் பையனுக்குத்தான் வெனை."

அது சரிதான். அந்தப் பணத்தில் வாங்கவும் ஒன்றும் தோன்றவில்லை. அது கணக்கிலேயே கிடந்து, வீட்டு மின்கட்டணத்துக்குப் போயிற்று.

படம் மார்கழி நடுவில் பொள்ளாச்சியில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உக்கடத்தில் பஸ் ஏறி ஒரு மணி நேரம். முந்நூறு பேர் உட்காரும் தியேட்டரில் முப்பது பேர் இருந்தோம். வால்பாறையிலிருந்து மலையிறங்கி வந்த குடும்பங்கள் முன்வரிசைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தன.

முதல் தடவை சத்தம் போனபோது யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள், வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை ஒருவர் "சவுண்டு போச்சுங்கோ!" என்று கத்தினார். மூன்றாம் தடவை விசில் வந்தது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நினைத்து மேலே இருந்த ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அடுத்த வசனம் இடி மாதிரி விழுந்து, முன்னால் ஒரு கைக்குழந்தை அலறியது. குழந்தையின் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எங்கள் பின்னால் இருந்த பெரியவர், "இத்தன காசு வாங்கறான், ஒரு ஸ்பீக்கரு மாத்தறானா பாரு," என்று தியேட்டர்காரரைத் திட்டினார்.

அக்கா திரும்பி, "ஸ்பீக்கரு நல்லாத்தான் இருக்குதுங்க. சென்சார்ல எடுத்துட்டாங்க," என்றார்.

"எதையம்மிணி எடுத்தாங்க?"

"கூதல்ங்கற வார்த்தையங்க."

அவர் நம்பவில்லை. "அதப் போயி எதுக்கம்மிணி எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இடைவேளையில் தமிழ்வேந்தன் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"வாங்க மேடம், இவ்வளவு தூரம் வந்தீங்களே."

அக்கா நின்ற இடத்திலேயே சொன்னார். "தம்பி, அன்னிக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். தனியா எழுதிக் குடுத்திருக்கலாம். குடுக்கல."

"தெரியுமுங்க. வந்த பேப்பர்ல ஒருமனதாகன்னு போட்டிருந்துச்சு." அவர் கோபப்படவில்லை. "விடுங்க. நீங்க ஒருத்தர் எழுதியிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கும். எனக்கு அதுக்கும் வக்கில்லீங்க."

பெல் அடித்தது. உள்ளே போனோம். மீதிப் படத்தில் அக்கா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கிணத்துக்கடவு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தனியாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். உடன்படாத ஒவ்வொரு இடத்துக்கும் காரணம், ஒரு பக்கம், இரண்டு பக்கம். மற்ற உறுப்பினர்கள் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சீனிவாசலுகூட ஒருநாள், "நமக்கு எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டார், கனிவாகத்தான். காத்திருக்கிற நேரத்துக்கும் வாடகை ஓடுகிறதா என்று அக்கா ஒருநாள் தியேட்டர் ஆளிடம் கேட்டார். ஓடும் என்றார் அவர். அன்றிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார். பதினொரு தடவை எழுதியதில் இரண்டு தடவை பலன் இருந்தது. ஒரு பாட்டில் ஒரு வரி தப்பித்தது. ஒரு படத்தில், அடித்த கணவனை மனைவி திட்டுகிற இடம் தப்பித்தது.

மாசி மாதத்தில் தமிழ்வேந்தன் போன் செய்தார். படம் பொள்ளாச்சியில் ஐந்து நாள் ஓடியதாம். நாற்பது பேருக்கும் பாதிக்குப் பாதிகூடத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஆனால் யாரும் கேட்கவில்லை என்றார். இன்னொரு கதை எழுதுகிறாராம்.

"இந்தத் தடவை எல்லாம் பாத்துத்தான் எழுதறேனுங்க மேடம். டவுன்லயே நடக்கற கதை. ஆடு, கோழி ஒண்ணும் கெடையாது. நீளம் ஒன்ர மணி நேரத்துக்குள்ள. குளிருன்னு எழுதினா பிரச்சினை இல்லீங்கல்ல?"

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க எழுத நெனச்சத எழுதுங்க கண்ணு."

"எழுதலாமுங்க மேடம். அப்புறம் அதை எடுக்கறதுக்கும் நான்தானுங்களே காசு குடுக்கோணும்."

அதற்கு மேல் அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்பது அக்காவுக்கே நினைவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் மையத்து ஜன்னல் பக்கம் நின்றார். கீழே ஜவுளிக்கடை வாசலில் தள்ளுபடி விற்பனைக்கு ஒருவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்.

பங்குனியில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவும் இல்லை. சொந்தக்காரர்களில் ஒருவர், எழுதிக் கொடுத்ததால்தான் எடுத்துவிட்டார்கள் என்றார். அப்படியெல்லாம் இருக்காது, காலம் முடிந்தது, அவ்வளவுதான் என்றார் அக்கா. எது உண்மை என்று எனக்கும் தெரியாது.

இப்போது திங்கள் முதல் சனி வரை மையத்துக்கு வருகிறார். இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்கிறார். போன வாரம் மகள் வந்திருந்தபோது, மூன்று பேருமாக ஒரு புதுப் படத்துக்குப் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் தூங்கறேன்," என்று சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு நாலரை மணி வரைக்கும் தூங்கினேன் என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னார். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் என்றார்.